'சின்ஸ்' என்று தொடங்கும் கடிதம் வந்தால்...

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் விடுப்புக் கடிதம் நம்மில் பலருக்கு மனப்பாடம். அந்த 'ஆஸ்' அங்கே என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. பிகாஸ், சின்ஸ், ஆஸ், ஃபார் நான்குக்கும் 'ஏனெனில்' என்று ஒரே பொருள் எழுதி மதிப்பெண் வாங்கி வந்துவிட்டோம்.

நான்கும் ஒன்றல்ல. 'ஒய்?' என்று கேட்டால் 'பிகாஸ்' என்றுதான் பதில் தொடங்கும். காரணமே புதுச் செய்தி என்றால் அதுதான் சொல். பெரும்பாலும் வாக்கியத்தின் பின்பாதியில் வரும். காரணம் தெரிந்த கதை, முடிவுதான் முக்கியம் என்றால் 'சின்ஸ்' அல்லது 'ஆஸ்'. இவை பெரும்பாலும் முன்னால் நிற்கும். 'ஃபார்' தனி ரகம். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகே வந்து, அதற்கு ஆதாரம் காட்டும். 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் அது நிறைந்திருக்கிறது. இன்றைய பேச்சில் அநேகமாக இல்லை.

'சின்ஸ்', 'ஆஸ்' இரண்டுக்கும் காலப்பொருளும் இருப்பதால் குழப்பம் வரும் என்று நடைக் கையேடுகள் எச்சரிக்கின்றன. என் கவலை அதுவல்ல.

'சின்ஸ் யூ ஃபெயில்டு டு ரிப்ளை' என்று ஒரு நோட்டீஸ் வருகிறது. பின்பாதியில் அபராதத் தொகை. நீங்கள் பதில் போடவில்லை என்பது இன்னும் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. 'பிகாஸ்' போட்டுப் பின்பாதியில் எழுதியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும். 'போட்டேனே' என்று வாய் திறந்திருப்போம். 'சின்ஸ்' அதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மைபோல் உள்ளே நுழைத்துவிடுகிறது. நாமோ தொகையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பதில் எழுதுகிறோம். குற்றத்தை ஏற்றுக்கொண்டதற்கு அந்தப் பதிலே சாட்சியாகிவிடலாம். விடுப்புக் கடிதத்தின் 'ஆஸ்' காய்ச்சலைக் கேள்விக்கு அப்பால் வைத்ததும் இதே வழியில்தான்.

பேச்சில் இவ்வளவு நுணுக்கம் யாரும் பார்ப்பதில்லை என்பார்கள். பேச்சில் உடனே மறுக்கலாம். கடிதத்தில் அந்த வாய்ப்பு இல்லை.

வங்கி, வாடகை, வேலை, விசா என்று நம் வாழ்வைத் தீர்மானிக்கும் தாள்கள் பல ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அவற்றில் 'சின்ஸ்' கண்ட இடத்தில் நின்று, பின்பாதியை மறைத்துக்கொண்டு, 'இது உண்மையா?' என்று முதலில் கேளுங்கள். உண்மை இல்லையென்றால், உங்கள் பதிலின் முதல் வரி அந்த மறுப்பாகவே இருக்கட்டும்.