எந்த டப்பா நல்லது? மின் சிகரெட் பற்றிக் கணவன் மனைவி அறிய வேண்டியவை



துபாயில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கணவர் ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. அடுத்த குழந்தையைப் பற்றியும் யோசனை இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் சேலை, சோப்பு, பொம்மை. அடியில் ஓர் உலோகக் குழாய், மெல்லிய கம்பிச் சுருள், கொஞ்சம் பஞ்சு, மாம்பழ வாசனை வீசும் சின்ன பாட்டில்கள்.

"என்னங்க இது?"

"பீடியை விட்டுட்டேன் புள்ள. இப்ப இதுதான். புகையே கிடையாது, வெறும் ஆவி. இதுல மூணு ரகம் இருக்கு. எது நல்லதுன்னு பார்த்து வச்சுக்கணும்."

எது நல்லது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இந்தத் துண்டுப் பிரசுரம்.

இது எப்படி வேலை செய்கிறது?

இதற்கு மின் சிகரெட் என்றும் வேப் என்றும் பெயர். இப்போதுள்ள மாதிரியை 2003-ஆம் ஆண்டில் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர் உருவாக்கினார். வீட்டில் கொசுவிரட்டி மெஷின் பார்த்திருப்பீர்கள். திரி மருந்தை உறிஞ்சும், சூடு பட்டதும் மருந்து ஆவியாகும். இதுவும் அதே கதைதான். பாட்டரி கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. சுருளுக்குள் நுழைத்த பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. அதை வாயால் இழுக்கிறார்கள். திரவத்தில் இருப்பது கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோட்டின். பீடியிலும் புகையிலையிலும் நம்மை அடிமையாக்குவது எதுவோ, அதே நிகோட்டின்தான்.

சுருளும் பஞ்சும் இருக்கும் பாகத்துக்கு அட்டமைசர் என்று பெயர். கம்பெனியிலேயே செய்து வருவது ஒரு விதம். கம்பியை நாமே சுற்றி, பஞ்சை நாமே வைத்துக்கொள்வது இன்னொரு விதம். இந்த இரண்டாவதில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

1. சொட்டு வகை. இதில் திரவம் தங்க இடமில்லை. சில இழுப்புக்கு ஒரு தடவை மூடியைத் திறந்தோ, வாய்ப்பகுதி வழியாகவோ பஞ்சில் சொட்டு விடவேண்டும். அதனால் பாட்டில் எப்போதும் கையருகே, பல சமயம் மூடி திறந்தபடியே கிடக்கும். குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிட ஆபத்தானது இல்லை.

2. தொட்டி வகை. சுருளைச் சுற்றிச் சிறு தொட்டி இருக்கும். அடிக்கடி ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் பஞ்சு இறுகினால் திரவம் ஏறாது, பஞ்சு கருகும். கருகிய ஆவியில் ஃபார்மால்டிஹைடு என்ற, புற்றுநோய் தரும் நச்சு அதிகமாக உண்டாகிறது. பஞ்சு தளர்ந்தாலோ திரவம் ஒழுகிச் சட்டைப் பையிலும் கையிலும் படும். நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்.

3. இரண்டும் கலந்த வகை. மேலே சுருள், கீழே தொட்டி. பஞ்சின் வால் அகல்விளக்குத் திரி போலத் தொட்டியில் தொங்கும். சௌகரியம் கொஞ்சம் கூடுதல். முதல் இரண்டின் குறைகள் இதிலும் உண்டு.

சுருளிலும் ஆபத்து

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து கம்பி சுற்றுவதில் இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி 4.2 வோல்ட். சுருளின் மின்தடை 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர் ஓடும். ஆவி அதிகம் வரவேண்டும் என்று 0.2 ஓம் வருமாறு சுற்றினால் 21 ஆம்பியர்! பல பாட்டரிகள் இதைத் தாங்கமாட்டா. கம்பி முனை உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். சில குழாய்களில் மின்சாரத்தைத் தானாக நிறுத்தும் அமைப்பே கிடையாது. பாட்டரி சூடேறி வெடிக்கும். அமெரிக்காவில் 2018-இல் ஃபுளோரிடாவிலும், 2019-இல் டெக்ஸஸிலும் இப்படி வெடித்துத் தலா ஒருவர் இறந்தார்கள்.

குழந்தை கையில் பாட்டில்

சில திரவங்களில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கும். அப்படியானால் 10 மில்லி பாட்டிலில் 200 மில்லிகிராம். சிறு குழந்தையின் உயிருக்கே அது ஆபத்து. மாம்பழ வாசனை வேறு வீசுகிறது. குழந்தை மருந்தென்றா நினைக்கும்?

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி, எச்சில் ஒழுகுதல், வியர்வை, முகம் வெளுத்தல், பிறகு வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் எதுவும் தரவேண்டாம். தோலில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கருவுற்ற பெண் இழுத்தால் நிகோட்டின் நஞ்சுக்கொடி வழியே கருவுக்குச் செல்லும். பிள்ளை எடை குறையலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். கணவர் விடும் ஆவியிலும் நிகோட்டின் உண்டு. ஆகவே வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

"பீடியைவிட மேல்தானே?"

நியாயமான கேள்வி. மின் சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. பீடிப் புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் மிகக் குறைவு. அதனால் பிரிட்டனில், சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு இதை ஒரு வழியாகச் சுகாதாரத் துறையே சொல்கிறது. ஆனால் அங்கே ஒரு மில்லியில் நிகோட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, நிகோட்டின் பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்றெல்லாம் சட்டம் உண்டு. புகைக்காதவர்கள் தொடவே வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 2019 செப்டம்பர் 18 முதல் மின் சிகரெட் தயாரிப்பதும், விற்பதும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும், விளம்பரம் செய்வதும் குற்றம். முதல் தடவைக்கு 1 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே இங்கே மறைவாகக் கிடைக்கும் திரவத்தைச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லை. சோதனையில்லாத திரவம் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா 2019-இல் பார்த்தது. கள்ளத்தனமாக விற்ற கஞ்சா எண்ணெயில் பெரும்பாலும் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற கலப்படம் இருந்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. பலர் இதையும் இழுத்து, பீடியையும் விடாமல் இருக்கிறார்கள். அதில் லாபம் ஒன்றுமில்லை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று டப்பாவில் எது என்று கேட்காதீர்கள். நிகோட்டினை விடுவதற்கு எந்த வழி நமக்கு ஒத்துவரும் என்று கேளுங்கள். நல்ல வழிகள் இருக்கின்றன.

ஆலோசனை: 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசு செலவில்லாமல் பேசலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம்.

நிகோட்டின் சூயிங்கம்: 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று உண்டு. எழுந்த அரை மணிக்குள் பீடி தேடுகிறவருக்குப் பொதுவாக 4. மிட்டாய் மாதிரிக் கடித்து விழுங்கக் கூடாது. மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காப்பி, டீ வேண்டாம். இதையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

பட்டையும் மாத்திரையும்: தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும், ஆசையைக் குறைக்கும் மாத்திரைகளும் டாக்டர் சொல்படி எடுக்க வேண்டியவை. கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் எதையும் தானாக எடுக்கக் கூடாது.

வெற்றிலையோடு புகையிலை போடும் மனைவிமாருக்கும் இதே யோசனைதான்.

ஒருவருக்கொருவர் துணை

விடுவதற்கு ஒரு நாளை இருவரும் சேர்ந்து குறியுங்கள். முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம். கோபம் வரும், தூக்கம் கெடும். அந்த நாட்களில், "என்னமோ விட்டுட்டேன்னு பெருமை பேசினீங்களே" என்று குத்திக்காட்ட வேண்டாம் அம்மா. ஆசை எழுந்தால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். தண்ணீர், சோம்பு, நெல்லிக்காய் கொடுங்கள், தோட்டத்துப் பக்கம் இரண்டு எட்டு நடந்துவரச் சொல்லுங்கள். பீடிக்காசை உண்டியலில் போடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் மறுபடி தொடங்குங்கள். அது தோல்வி ஆகாது.

பெட்டியில் வந்த டப்பாவை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். பாட்டிலை இறுக மூடிப் பூட்டி வைத்துவிட்டு, எப்படி அப்புறப்படுத்துவது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். பாட்டரியைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், வெடிக்கும்.

புகையும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். பிள்ளை மூச்சு விடும் வீட்டில் நல்ல காற்று இருக்கட்டும்!