வாங்கிய பிளகினை அண்ணனுக்குக் கொடுக்கலாமா?

உப்புவெளியில் விடுதி நடத்துகிறவருக்கும் புறாமலைக்குப் படகு விடுகிறவருக்கும் இன்று ஓர் இணையத்தளம் வேண்டும். பெரும்பாலும் அது வேர்ட்பிரஸ்தான். மென்பொருள் இலவசம், அறை பதிவுசெய்யும் பிளகினுக்கோ வருடாவருடம் டொலரில் காசு. "அது சும்மா கிடைக்குது, இதுக்கு மட்டும் ஏன் காசு? வாங்கினதை அண்ணாட தளத்திலயும் போடலாமோ?" என்று திருமலைத் தேநீர்க்கடையில் யாராவது கேட்டால், இன்னொரு பிளேன்டீ சொல்லிவிட்டு ஆறுதலாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2003இல் மெட் முலன்வெக்கும் மைக் லிட்டிலும் வேர்ட்பிரஸைப் புதிதாக எழுதவில்லை. மிஷெல் வால்ட்ரிகியின் பி2 என்ற மென்பொருளை எடுத்து வளர்த்தார்கள். பி2 ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் வேர்ட்பிரஸும் அதற்குள் வந்தது. ஜிபிஎல் மென்பொருளை யாரும் பாவிக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் அதிலிருந்து பிறந்த ஒன்றை இன்னொருவருக்குக் கொடுத்தால், அதே உரிமைகளை அவருக்கும் கொடுக்க வேண்டும். காசு வாங்குவதற்குத் தடையில்லை. வாங்கியவர் பிரதி எடுப்பதைத் தடுக்கத்தான் முடியாது.

பிளகினும், தளத்துக்குத் தோற்றம் தரும் தீமும் வேர்ட்பிரஸிலிருந்து பிறந்தவையா? சண்டை முழுவதும் இங்கேதான். தீசிஸ் என்ற தீமினை விற்ற கிறிஸ் பியர்சன், அது முழுக்கத் தன் படைப்பு, ஜிபிஎல் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். வேர்ட்பிரஸின் செயற்கூறுகளை அழைத்து அதனோடு ஒன்றாக ஓடுவது அதன் பகுதியே என்றார் முலன்வெக். தீமின் பிஎச்பி நிரல் ஜிபிஎல்லுக்குள் வரும், படங்களும் சிஎஸ்எஸ்ஸும் வரவேண்டியதில்லை என்று மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் 2009இலேயே கருத்துச் சொல்லியிருந்தது. 2010 ஜூலையில் தர்க்கம் முற்றியபோது, வேர்ட்பிரஸின் நிரல் வரிகள் சில தீசிஸுக்குள் அப்படியே இருப்பது வெளியே வந்தது. அதன்பின் பியர்சன் தன் பிஎச்பி பகுதியை ஜிபிஎல்லில் வைத்தார். வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை. ஏறியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஏறியிருந்தால் ஒரு தீர்ப்பாவது மிஞ்சியிருக்கும். வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவும் இதே பிணக்கில் சிக்கி, 2009இல் தன் நீட்சிப் பட்டியலை ஜிபிஎல்காரருக்கு மட்டும் என்று ஆக்கியது.

அடித்தளத்தைப் புதிதாக எழுதுகிறவர் முதல் நாளே வேறு வழியைத் தெரிவுசெய்யலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கரையை அடித்த நாட்களில், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர்கள் எழுதிய சகானா, எல்ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. அடித்தளத்தில் செய்யும் மாற்றங்கள் திறந்திருக்க வேண்டும். அதோடு இணையும் தனிக் கூறுகளுக்கு அவரவர் உரிமத்தை வைத்துக்கொள்ள எல்ஜிபிஎல் இடம்விடும். அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் சகானா பயன்பட்டது. எனக்கு அதில் பெருமை உண்டு.

இனி அண்ணனின் தளம். பிளகின் ஜிபிஎல் என்றால் தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் கட்டிய காசு பெரும்பாலும் புதுப்பிப்புக்கும் உதவிக்குமானது. விற்றவர் தரும் சாவி எண் எத்தனை தளத்துக்கென்று அவரே வரையறுப்பார், அது நியாயமும்கூட. பூட்டை உடைத்ததாகச் சொல்லி எங்கிருந்தோ இலவசமாக வரும் பிரதிகளை மட்டும் தொடவேண்டாம். அவற்றில் கள்ள நிரல் ஒளிந்திருப்பது வழமை. விருந்தாளிகளின் விபரங்கள் அந்த வழியால் போய்விடும்.

உரிமம் காக்காத இடமும் உண்டு. 2024 ஒக்டோபரில், டபிள்யூபி எஞ்சின் என்ற நிறுவனத்தின் ஏசிஎஃப் என்ற பிளகினை வேர்ட்பிரஸ் தளத்தார் பிரதியெடுத்துப் பெயர் மாற்றி, தங்கள் பிளகின் பட்டியலில் அது இருந்த அதே இடத்தில் வைத்தார்கள். பிரதியெடுக்க ஜிபிஎல் விடும். ஆனால் அந்த இடத்திலிருந்துதான் இலட்சக்கணக்கான தளங்களுக்குப் புதுப்பிப்பு தானாகப் போகிறது. டிசம்பரில் கலிபோர்னியா நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, பட்டியல் இடத்தை டபிள்யூபி எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இப்படி ஒரு நாள் உங்கள் முன்பதிவு பிளகினும் கைமாறலாம். வாங்கிய கோப்பின் ஒரு பிரதியையும் பதிவுத் தரவுகளையும் சொந்தக் கணினியில் எடுத்து வைத்திருங்கள்.