நடுவில் கொஞ்சம் மரம் விடுங்கள்

மரத்தில் பூவேலை செய்து கடிகாரம் பண்ண ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொடியோ மயிலோ, மனதுக்குப் பிடித்த வரைபடம் கிடைத்ததும் பலகையில் ஒட்டி அறுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். டீ ஆறுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் கடைக்குப் போய் கிளாக் மெஷினை வாங்கி வாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

சுவர்க் கடிகாரத்தின் முதுகில் இருக்கும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி சுமார் 56 மில்லிமீட்டர் சதுரம். ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும். உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை இரண்டிரண்டாக 15 முறை வகுத்தால் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் நொடி முள்ளை ஓரடி நகர்த்துகிறது. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனாலும் அது வெளியே தெரியக் கூடாது. பூவேலை என்றாலே ஓட்டை. ஓட்டை வழியே பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். பெட்டிக்கு மூலைக்கு மூலை அளந்தால் 79 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே முகப்பின் நடுவில் 85 அல்லது 90 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஓட்டையே இல்லாத மரம் நிற்க வேண்டும். மையத்தில் மெஷினின் தண்டு நுழைய 8 மில்லிமீட்டர் துளை மட்டும் போதும். தண்டின் மரையும் பலகையின் கனத்தைத் தாண்டி வந்து, வாஷரும் நட்டும் பிடிக்க இடம் தர வேண்டும். பலகை இரண்டு நூல் கனம் என்றால் மரை பத்து மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் அலங்காரம் செய்வது பழைய வழக்கம்தான். 1850இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் கடிகாரப் பள்ளிக்கு ராபர்ட் கெர்விக் தலைவராக இருந்தார். புதிய கடிகார வடிவங்கள் வேண்டும் என்று அவர் அறிவிக்க, ரயில்பாதைக் கட்டடங்களை வடிவமைத்து வந்த ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வரைபடம் அனுப்பினார். ரயில்பாதைக் காவலரின் சிறு வீட்டு முகப்பை எடுத்து, அதில் கடிகார முகத்தைப் பதித்திருந்தார். சுற்றிலும் திராட்சைக் கொடி. குயில் கூவும் கடிகாரம் என்று இன்று நாம் அறிந்திருக்கும் வீட்டு வடிவம் அங்கிருந்து வளர்ந்ததுதான். அவர் முகத்தை முகமாகவே விட்டார், கொடியைச் சட்டத்தோடு நிறுத்தினார். பூவேலைக் கடிகாரம் செய்கிற எவரும் அந்த வரைபடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

அடுத்தது எண்கள். பூவேலை முகப்புகளில் ரோமன் எண்கள் அதிகம் வருவதற்குப் பழமை மீதான பற்று மட்டும் காரணமில்லை. 8 என்ற எண்ணைப் பலகையில் வெட்டி எடுத்தால் அதன் இரண்டு வயிறும் கூடவே கழன்று விழும். 4, 6, 9, 0 எல்லாமே அப்படித்தான். விழாமல் இருக்க அங்கங்கே ஒரு சிறு பாலம் விட வேண்டும், அந்தப் பாலம் எண்ணின் வடிவைக் கெடுக்கும். I, V, X மூன்றிலும் மூடிய வயிறு கிடையாது. எண்ணை வெட்டி எடுக்காமல், சுற்றியிருப்பதை எடுத்து எண்ணை மரமாகவே நிறுத்தினால் இன்னும் நல்லது. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே எண்கள். I-யின் கோடு இரண்டு வளையத்தையும் தொடுகிறது. V-யின் கூர்முனை ஒன்றில், இரு கைகள் மற்றொன்றில். X நான்கு இடத்தில் ஊன்றிக்கொள்கிறது. மணி காட்டும் எண்ணே வளையங்களைத் தாங்கும் தூணாகிவிடுகிறது. இந்த வேலையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். அழகும் வலுவும் ஒரே கோட்டில் அமைவது எல்லா வரைபடத்திலும் வாய்ப்பதில்லை.

மரம் என்றால் பலருக்குத் தேக்குதான் நினைவுக்கு வரும். முதல் கடிகாரத்துக்கு நான் நல்ல ப்ளைவுட்டையே சொல்வேன். ஒற்றை மரத்தில் நார் ஒரே திசையில் ஓடுகிறது. நாருக்குக் குறுக்கே மெல்லிய கொடி ஒன்று வந்தால், விரல் பட்டாலே ஒடியும். வட்ட முகப்பில் எல்லாத் திசையிலும் மெல்லிய பாகங்கள் வரும்; அவற்றில் பாதியாவது நாருக்குக் குறுக்கேதான் அமையும். ப்ளைவுட்டில் ஒரு அடுக்கின் நார் நெடுக்கில், அடுத்தது குறுக்கில் என்று மாறி மாறி ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கமும் தாங்கும். தேக்குக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதில் சிலிக்கா இருக்கிறது, பிளேடின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

இனி ரம்பம். இந்த வேலைக்கு வேண்டிய ஸ்க்ரோல் சா மேசைபோல் நிற்கும் இயந்திரம். ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும்; பலகையைத் திருப்புவது உங்கள் கை. இரு முனையிலும் குறுக்கு ஊசி வைத்த பிளேடு ஒரு வகை, ஊசி இல்லாதது மற்றொன்று. பூவேலைக்கு ஊசி இல்லாததை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு துளையையும் அந்த ஊசி நுழையும் அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டியிருக்கும், நுண்ணிய இலைகளுக்கு அது ஒத்துவராது. இரண்டு நூல் ப்ளைவுட்டுக்கு 3 அல்லது 5ஆம் எண் பிளேடு சரி. பூட்டியதும் விரலால் சுண்டிப் பாருங்கள்; வீணைத் தந்திபோல் கணீரென்று ஒலித்தால் விறைப்பு போதும். தளர்வாக இருந்தால் வளைவுகளில் பிளேடு வயிறு தள்ளி, வெட்டு சாய்ந்துவிடும்.

கோடு போன வழியில் ரம்பம் போகாமல் ஒரு பக்கமாக இழுத்தால் உங்கள் கையைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலான பிளேடுகளில், செய்யும் முறையாலேயே ஒரு பக்கம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். வெட்டு அந்தப் பக்கம்தான் போகும். பலகையைக் கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் நேராக வரும். சிறிது நேரத்தில் கைக்குப் பழகிவிடும்.

அறுக்கும் முன்பே பலகையை உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிட வேண்டும். பூவேலைக்குப் பிறகு தேய்த்தால் தாள் ஓட்டையில் மாட்டிக் கொடியை முறிக்கும். வரைபடத்தை ஸ்ப்ரே பசையால் ஒட்டி, அதன்மேல் பார்சல் டேப்பை ஒட்டுங்கள். மரம் கருகுவதை அந்த டேப் குறைக்கும்.

வெட்டும் வரிசையில் அவசரம் கூடாது. ஒவ்வொரு ஓட்டைக்கும் முதலில் சிறு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளையில் நுழைத்து, மறுபடி பூட்டி அறுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில்லை. நடுவை ஒட்டிய ஓட்டைகளில் தொடங்கி வெளியே வாருங்கள். வெளி விளிம்பை எல்லாம் முடிந்த பிறகே அறுக்க வேண்டும். அதுவரை சுற்றியிருக்கும் உபரி மரம்தான் உங்கள் கைக்குப் பிடி, மெல்லிய பாகங்களுக்கு அணை. கூர்மையான மூலை வந்தால் பலகையை அங்கேயே சுழற்றாதீர்கள். மூலை வரை போய், பின்வாங்கி, விழப்போகும் மரத்துக்குள் ஒரு வளைவு வெட்டி, அடுத்த கோட்டின் வழியாக எதிர்ப்பக்கத்திலிருந்து மூலைக்கு வாருங்கள். மூலை ஊசிபோல் அமையும். மூக்குக்கு முகமூடி கட்டாயம்; அறுக்கும்போது பறக்கும் தூள் மிக நுண்ணியது, மூச்சோடு உள்ளே போய்விடும்.

அறுத்து முடிந்ததும் டர்பன்டைனைத் தடவிச் சற்று ஊறவிட்டால் காகிதம் உரிந்து வரும். மெருகுக்குத் தூரிகை வேண்டாம். ஓட்டைகளின் உட்சுவரில் அது திட்டுத்திட்டாகத் தேங்கும். அகலமான தட்டில் ஆளி விதை எண்ணெய் ஊற்றி, பலகையை முழுதாக முக்கி எடுத்து வடியவிடுங்கள். மிச்ச எண்ணெயைத் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடித்ததுண்டு. விரித்துக் காயவைத்தால் ஆபத்தில்லை.

முட்களை நீங்களே மரத்தில் அறுத்துப் போட ஆசை வரும். சாதாரண மெஷினின் மோட்டார் அந்தக் கனத்தைத் தூக்காது, நேரம் பின்தங்கும். கனமான முட்களுக்கென்று வலு கூடிய மெஷின்கள் கிடைக்கின்றன, அதை வாங்கினால் தாராளமாகச் செய்யலாம். பூட்டும்போது நிமிட முள்ளை 12இல் நிறுத்தி, மணி முள்ளையும் சரியாக ஒரு எண்ணின் மேல் வையுங்கள். பிறகு நிமிட முள்ளைக் கையால் மெல்லத் திருப்பிப் பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு முள்ளின் மேல் இன்னொன்று வரும் இடங்களில் உரசல் இருந்தால் நுனியைச் சிறிது வளைத்துவிடுங்கள். மாட்டும் கொக்கியை மெஷினில் தராமல் மரத்தில் தாருங்கள். ஒரு நாள் மேசைமேல் சாய்த்து ஓடவிட்டு, நேரம் பிசகவில்லை என்று தெரிந்த பிறகு சுவரில் ஆணி அடிக்கலாம்.