உழைப்பை வாசித்தல்: சீமோன் வேய் எழுப்பும் வினா

செய்யும் தொழிலே வழிபாடு என்று நாம் பிரசங்க பீடத்திலிருந்து கூறுவது எளிது. அதைக் கேட்டுவிட்டு மறுநாட் காலையில் ஆலைக்கும் வயலுக்கும் அலுவலகத்திற்கும் செல்வோரிடத்தில் அச்சொல் எந்த அளவிற்கு உண்மையாகிறது என்பதே வினா. நாளின் பெரும்பகுதியை விழுங்கும் வேலைக்குப் பொருள் இல்லையெனில், எஞ்சிய சில மணி நேரத்தில் மட்டும் வாழ்வின் பொருளைத் தேடுவது எங்ஙனம்? நூல்களை வாசிப்பதும் மெய்யியற் சிந்தனையும் இதில் மனிதருக்கு உதவக் கூடுமா? இவ்வினாவைத் தம் உடல் வருத்தத்தினாலேயே ஆராய்ந்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சீமோன் வேய் (1909–1943). யூதக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவை நெருங்கி வந்தும், திருமுழுக்குப் பெறத் தயங்கித் திருச்சபையின் வாயிலிலேயே நின்றவர் அவர்.

1. இரு மரபுகள்

உழைப்பையும் சிந்தனையையும் குறித்துக் கிரேக்கர் நமக்கு இரு வேறு மரபுகளை விட்டுச் சென்றுள்ளனர். சிறந்த நாட்டில் கைத்தொழிலாளருக்குக் குடியுரிமை இராது என்று அரிஸ்டாட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலில் கருதினார். நற்பண்பை வளர்க்க ஓய்வு தேவை. உழைப்போருக்கு அவ்வோய்வு இல்லை என்பது அவர் காட்டிய காரணம்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளியாந்தஸ் வேறொரு வழியைக் காட்டுகிறார். இவர் பகலில் ஏதேன்ஸ் நகரில் சீனோவின் போதனையைக் கேட்டார். இரவில் தோட்டங்களுக்கு நீர் இறைத்துப் பிழைத்தார். எழுதுதாள் வாங்கப் பணமின்றி, ஓட்டுத் துண்டுகளிலும் மாட்டெலும்புகளிலும் குறிப்பெழுதினார் என்று பழைய வரலாறு கூறுகிறது. பின்னர் இந்த நீர் இறைப்பவரே ஸ்தோயிக்கப் பள்ளியின் தலைவரானார். பவுல் ஏதேன்ஸில் எதிர்கொண்ட ஸ்தோயிக்கர் (அப். 17:18) இவர் வழிவந்தோரே. அடுத்த அதிகாரத்தில் பவுலும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்பவராகவே காட்சியளிக்கிறார் (அப். 18:3).

2. ஆலையில் அவர் கண்டது

மெய்யியல் ஆசிரியையாயிருந்த சீமோன் வேய் 1934 டிசம்பரில், தம் 25ஆம் வயதில், விடுப்புப் பெற்றுப் பாரிஸில் உள்ள அல்ஸ்தோம் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1935 ஆகஸ்டு வரை, இடையிடையே நோயினாலும் வேலையின்மையாலும் தடைப்பட்டு, மூன்று ஆலைகளில் பணியாற்றினார்; இறுதியாகப் பணியாற்றியது ரெனோ மோட்டார் ஆலையில். உலையின் அனலில் கைகள் வெந்தன. உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்பட்டதால், வேகம் குறைந்தால் கூலியும் குறைந்தது.

ஆயினும் அவரை மிகவும் அச்சுறுத்தியது உடல் வலியன்று. சிந்திப்பதை அடியோடு நிறுத்திவிட்டால் துன்பம் குறையும் என்னும் சோதனையே அது. சிந்தித்தால் வேகம் தடைப்படும். வேகம் தடைப்பட்டால் கூலி போகும். ஒருநாள் பேருந்தில் ஏறியபோது, மற்றவரைப் போலத் தாமும் அதில் பயணம் செய்ய உரிமை பெற்றிருப்பது அவருக்கே வியப்பாயிருந்ததாம். சில மாத வேலை ஒருவரின் தன்மதிப்பை இவ்வளவு அரித்துவிடக் கூடுமெனில், அதிலேயே வாழ்நாளைக் கழிப்போரின் நிலை என்ன? எனவே எந்த வேலையிலும் பொருள் காணலாம் என்று பொதுவாகக் கூறிவிட அவரால் இயலவில்லை. நமக்கும் அது தகாது.

3. வாசித்தல் என்பது யாது?

1941இல் அவர் 'வாசித்தல்' என்னும் கருத்தைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். இரு தாய்மார், தத்தம் மகன் இறந்ததாக அறிவிக்கும் கடிதத்தைப் பெறுகின்றனர். எழுத்தறிந்தவள் ஒரு பார்வையிலேயே மயங்கி விழுகிறாள். அறியாதவள் சலனமின்றி நிற்கிறாள். தாளும் மையும் இருவர் கையிலும் ஒன்றுபோலவே உள்ளன; வேறுபாடு வாசிப்பில் உள்ளது. அவ்வாறே நாம் உலகையும் எந்நேரமும் வாசித்துக் கொண்டிருக்கிறோம் என்கிறார் அவர். பார்வையற்றவர் தம் கைக்கோலின் நுனியில் தரையை அறிகிறார். தேர்ந்த மாலுமிக்குக் கப்பல் தம் உடலின் நீட்சியாகிறது. பயணிக்கு வெறும் குலுக்கலாகத் தோன்றுவதில் அவர் காற்றையும் அலையையும் வாசிக்கிறார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வேலையின் பொருள் வெளியிலிருந்து பூசப்படும் வண்ணம் அன்று. பயிற்சியினால் வேலைக்குள்ளேயே வாசிக்கப்படுவது. இங்குதான் நூல் துணை செய்கிறது. 1942இல் மாணவருக்கென எழுதிய கட்டுரையில் அவர் கல்வியின் பயனைக் 'கவனம்' என்னும் ஒரே சொல்லில் அடக்குகிறார். விடை காணாது விட்ட கணக்கும் வீணன்று. அதில் செலுத்திய கவனம் உள்ளத்தில் தங்குகிறது. அக்கவனமே பின்னர் வேண்டுதலாகிறது. துன்புறும் அயலானை உற்று நோக்கும் ஆற்றலும் ஆகிறது. ஆகவே வாசிப்பு நம்மை வேலையிலிருந்து தப்புவிப்பதில்லை. பார்க்கும் கண்ணைத் தருகிறது.

4. ஆலைக்குள் ஆன்டிகனி

இக்கருத்தை அவர் செயலிலும் சோதித்தார். 1936இல் பூர்ஜ் நகருக்கு அருகிலிருந்த ரொசியேர் வார்ப்பட ஆலையின் இதழில், சொபோக்கிளிஸின் 'ஆன்டிகனி' நாடகக் கதையை எளிய உரைநடையில் தொழிலாளருக்கு எடுத்துரைத்தார். போராட்டத்தையும் துன்பத்தையும் அறிந்தோர், நூலகச் சுவர்களுக்குள் வாழ்ந்தோரைவிட இவ்விலக்கியத்தை நெருக்கமாக உணர்வர் என்பது அவர் நம்பிக்கை. அக்கட்டுரைக்கு அவர் இட்ட புனைபெயர் கிளியாந்தஸ்!

ஆனால் அதற்கு முன்பு அவர் அனுப்பிய ஒரு வேண்டுகோள் அவ்விதழில் ஏற்கப்படவில்லை. தங்கள் வேலையைப் பற்றிய உள்ளக் கருத்தை எழுதும்படி தொழிலாளரைக் கேட்ட வேண்டுகோள் அது. கிரேக்க நாடகத்திற்கு இடம் கிடைத்தது. தொழிலாளரின் குரலுக்குக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் பிரான்சின் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. வாரத்திற்கு 40 மணி நேர வேலையும் ஊதியத்துடன் இரு வார விடுமுறையும் சட்டமாயின. சீமோன் வேய் அதில் மகிழ்ந்தார். வாசிக்கவும் சிந்திக்கவும் நேரம் வேண்டும். அந்நேரம் நீதியினால் மட்டுமே கிடைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

5. நமது திருப்பணிக்கு

இதனின்று திருப்பணியாளராகிய நாம் மூன்று காரியங்களைக் கற்கலாம். முதலாவது, உழைப்பைப் புகழ்வதற்கு முன் அவ்வுழைப்பின் நிலைமையைக் கேட்டறிய வேண்டும். சிந்தனையையே அழிக்கும் வேலையை வழிபாடு என்றழைப்பது ஆறுதலன்று. இரண்டாவது, சிறந்த நூல்கள் கற்றோருக்கு மட்டுமே உரியன என்னும் எண்ணத்தை விட வேண்டும். நாம் கல்லூரியில் கற்பவற்றை எளிய மொழியில் சபையின் வாசிப்பு வட்டங்களுக்குக் கொண்டு செல்லுதல் தாழ்ந்த பணியன்று. மூன்றாவது, அவ்வட்டத்தில் நாம் மட்டும் பேசலாகாது. விதைப்பவனையும் வலை வீசுபவனையும் மாவு பிசைபவளையும் கொண்டு இயேசு இறையரசை விளக்கினார். தம் வேலையில் எதை வாசிக்கிறார்கள் என்று உழைப்போரை நாம் கேட்போமாயின், அவ்வுவமைகளையும் அவர்களிடமிருந்தே புதிதாய்க் கற்போம்.