செத்த சரக்கு சீமைக்குப் போன கதை
பழைய கார்களுக்கு உதிரி பாகம் தேடுவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

மளிகைக் கடையில் ஆறு மாதமாக நகராத சரக்கு இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? வண்டு விழுவதற்குள் அடக்க விலைக்காவது தள்ளிவிடப் பார்க்கிறோம். துவரம் பருப்புக்கு அது சரியான முறைதான். ஆனால் இருபது வருடம் அலமாரியில் தூங்கிய பிறகு விலை ஏறுகிற சரக்கும் உலகில் உண்டு. பழைய கார்களின் உதிரி பாகம் அந்த வகையைச் சேர்ந்தது.

நம் வியாபாரிகளில் சிலர் தந்தையார் காலத்து அம்பாசிடரையோ காண்டெஸாவையோ விற்க மனமில்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிலர் பழைய வேனில் இன்றும் சரக்கு ஏற்றுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆட்டோமொபைல் கடை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்குமே "அந்த பார்ட்ஸ் இப்போ வர்றதில்லைங்க" என்ற பதில் பழகிப்போன ஒன்று. அந்தப் பதில் பாதிதான் உண்மை என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

பெருங்களத்தூர் கிட்டங்கி

தாம்பரம் தாண்டி வண்டலூர் போகும் வழியில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு கார், பிறகு கெஸல் கார் எல்லாம் அங்கே தயாரானவை. 1985-ல் அந்தக் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. அதன் உடலமைப்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரினுடையது. ரோவர் சாதாரண வண்டியல்ல. 1976-ல் வெளிவந்து, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசைப் பெற்றது. எட்டு சிலிண்டர் கொண்ட 3.5 லிட்டர் எஞ்சின் உள்ள அந்த வண்டியைத்தான் அந்நாட்டு நெடுஞ்சாலைப் போலீசாரும் துரத்திப் பிடிக்க வைத்திருந்தார்கள்.

நம் ஊர் வண்டிக்கு அந்த எஞ்சின் கிடைக்கவில்லை. 1940-களில் வடிவமைத்த வான்கார்டு வகையைச் சேர்ந்த 1991 சி.சி. எஞ்சினைத்தான் அதில் பொருத்தினார்கள். ஆளைப் பார்த்தால் பயில்வான், நடந்து பார்த்தால் மூச்சு வாங்கும் என்கிற கணக்கு. விலையோ அதிகம், பெட்ரோலும் நிறையக் குடித்தது. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. ரோவர் எஸ்.டி.1-ன் உற்பத்தி இங்கிலாந்தில் அதற்கு இரண்டாண்டு முன்பே, 1986-ல், நின்றுவிட்டது.

தொழிற்சாலை மூடியபோது பயன்படுத்தாத புத்தம் புதிய உதிரி பாகங்கள் ஏராளமாக உள்ளே தேங்கிவிட்டன. நம் நாட்டில் ஓடிய ஸ்டாண்டர்டு 2000 கார்களோ மிகச் சில. வருடா வருடம் அவையும் குறைந்தன. எந்த வியாபாரியைக் கேட்டாலும் "செத்த சரக்கு, எடைக்குப் போடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் 2006-ல் அந்த இருப்பு ஏலத்துக்கு வந்தபோது அதன் பெரும்பகுதியை எடுத்தது யார் தெரியுமா? பழைய ரோவர், டிரையம்ப் கார்களுக்கு உதிரி பாகம் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி. பெருங்களத்தூரில் பதினெட்டு வருடம் கிடந்த பாகங்கள் சீமைக்குப் போய், அங்கே இன்னும் எஸ்.டி.1 வைத்திருப்பவர்களின் கைக்குச் சேர்ந்தன.

காரணம் எளிது. குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அது கார்களின் தகட்டை அரிக்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கும், கதவும் மட்கார்டும் போய்விடும். அந்தக் கதவுக்குத் தவிக்கும் ஆள் அங்கே, கதவு இங்கே. பொருந்தும் இரண்டையும் சேர்த்துவைக்கத் தெரிந்தவருக்கு ஏலத்தில் துணிந்து கேட்கும் தைரியம் வந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது இரும்பு.

பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள்

ரிம்மர் பிரதர்ஸ் பெரிய அளவில் செய்ததையே நாம் சிறிய அளவில் செய்யலாம். ஒரு பாகம் எந்தக் காருடையது என்பது முதல் கேள்வி. வேறு எதெற்கெல்லாம் அது பொருந்தும் என்பதுதான் லாபம் தரும் கேள்வி.

காண்டெஸாவையே எடுத்துக்கொள்வோம். 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. முதலில் வந்தவற்றில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினே இருந்தது. அதற்கு எஞ்சின் பாகம் கேட்கும்போது அம்பாசிடர் என்று சொல்லிக் கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தருவார். பின்னர் வந்த, வேகத்துக்குப் பெயர்போன 1.8 காண்டெஸாவில் ஜப்பானின் இசுசு எஞ்சின். அதே இசுசு எஞ்சினை 1990-களில் 'அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட்.' வண்டியிலும் வைத்தார்கள். ஆகவே அந்தக் காண்டெஸாக்காரர் 1800 அம்பாசிடருக்கு என்றும் விசாரிக்க வேண்டும். அம்பாசிடர் உற்பத்தி 2014 வரை நடந்ததால் அந்தப் பெயரில் சரக்கு வைத்திருந்த கடைகள் அதிகம்.

பிரீமியர் 118 என்.இ. கதை இன்னும் வேடிக்கை. உடல் இத்தாலியின் ஃபியட் 124, எஞ்சினோ ஜப்பானின் நிசான் ஏ12. அதற்கு எஞ்சின் பாகத்தை ஃபியட் கடையில் தேடிக் காலம் கழித்தவர்கள் உண்டு. ஒரே வண்டிக்கு இரண்டு குலம், இரண்டு கடை.

ஒன்று மட்டும் கவனம். எஞ்சினின் உள்பாகங்கள் ஒன்றாக இருந்தாலும் அதைத் தாங்கும் பிடிகள், எண்ணெய்த் தொட்டி போன்றவை வண்டிக்கு வண்டி மாறலாம். பழைய பாகத்தைக் கழுவித் துடைத்துக் கையோடு எடுத்துப்போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே உத்தமம். கைபேசியில் படம் அனுப்பி வாங்குவதானால் அளவுகோலையும் சேர்த்துப் படம் எடுக்கவும்.

பேரிங் விஷயத்தில் காரின் பெயரே வேண்டாம். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண் உலகப் பொது மொழி. 6205 என்றிருந்தால் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. எந்தத் தேசத்தில் செய்தாலும் இதே அளவு. கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வந்துவிடும். 04 முதல் மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். கார் கம்பெனியின் பெட்டியில் வந்த பேரிங்குக்குப் பல மடங்கு விலை கொடுத்தவர், மோட்டார் பம்பு பேரிங் விற்கும் கடையில் அதே எண்ணைக் கேட்டிருந்தால் போதும்.

இதே நியாயம் பிரேக், மின்சார சாமான்களுக்கும் உண்டு. கார் கம்பெனிகள் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. சென்னை பாடியில் 1960-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, அதற்கும் முன்பே 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்றவை பல கார் கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்தவை. ஆகவே பழைய பாகத்தின் மீது வார்ப்பிலேயே செய்தவர் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள். கார் கம்பெனி மூடிப்போயிருக்கலாம், அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

கெடும் சரக்கு, கெடாத சரக்கு

பழைய இருப்பு எல்லாமே தங்கம் என்று எண்ணிவிடக் கூடாது. வார்ப்பு இரும்பு, கியர், வால்வு, கண்ணாடி, விளக்கு ஆகியவை எண்ணெய்த் தாளில் சுற்றிப் பத்திரமாக இருந்தால் எத்தனை வருடமானாலும் புதிதுதான். ரப்பர் அப்படியல்ல. பெட்டியைப் பிரிக்காமல் இருந்தாலும் அது இறுகி வெடித்துக்கொண்டேயிருக்கும். இருபது வருடத்துப் பிரேக் ரப்பர் கிட்டை 'ஒரிஜினல்' என்று சொல்லிக் கூடுதல் விலைக்குக் கொடுப்பவரிடம் வாங்குவதைவிட, இன்று தயாரான சாதாரணக் கிட் மேல். நம் பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குகிறோம். உயிரைக் காக்கும் பிரேக்கில் பார்க்காமல் விடலாமா?

நம் பக்கத்துக்கு இன்னொரு தொல்லை கடல் காற்று. சீமையில் சாலையில் உப்பு, நமக்குக் காற்றிலேயே உப்பு. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் போன்ற கரையோர ஊர்களில் பழைய கார் வாங்குகிறவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காமல் கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழுள்ள பெட்டி, சக்கரத்தின் மேல் வளைவு, பின்னால் ஸ்பிரிங் தாங்கும் இடம் ஆகியவற்றை விரலால் அழுத்திப் பார்க்கவும். எஞ்சினை லேத் பட்டறையில் மீட்டுவிடலாம். சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். வான்கார்டு போன்ற எஞ்சின்களில் உள்குழாயான லைனரையே உருவி மாற்றலாம். அரித்த உடலுக்கு டிங்கரிங் செலவு எங்கே நிற்கும் என்று வேலை தொடங்குமுன் யாராலும் சொல்ல முடியாது.

எதைச் செப்பனிடலாம், எதை மாற்றியே தீர வேண்டும் என்பதிலும் சிக்கனத்துக்கு எல்லை உண்டு. டைனமோ, ஸ்டார்ட்டர், ரேடியேட்டர், கார்புரேட்டர், தண்ணீர்ப் பம்பு எல்லாம் நல்ல கைக்காரரிடம் கொடுத்தால் மறுவாழ்வு பெறும். அவை நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். பிரேக் ஹோஸ், ஸ்டீரிங் முனைகள், சக்கர பேரிங் ஆகியவற்றை வண்டியிலிருந்து கழற்றிய பழையதாக வாங்கிப் போடுவது கூடாது. நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி நிற்காமல் போவதற்கு அதுவே வழி.

பில் இல்லாத மலிவு

சென்னைப் புதுப்பேட்டையை அறியாதவர் இருக்க முடியாது. கழற்றிய பாகங்கள் மலைபோல் குவிந்திருக்கும். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் அங்கே நிறைய உண்டு. ஆனால் வாங்குகிறவர் பில் கேட்டு வாங்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 411 என்று நாம் கேள்விப்பட்டதுதான் அது. முழு எஞ்சினாக வாங்கும்போது எண் தெளிவாக இருக்கிறதா, சுரண்டியோ மேலே வெல்டு வைத்தோ இருக்கிறதா என்று பார்க்கவும். எஞ்சின் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் எண் மாற வேண்டும். எஞ்சினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. பொருத்திய பிறகு போய் நின்றால் அலைச்சல் நமக்குத்தான்.

சொந்தக் காரின் பதிவு பதினைந்து வருடம் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாறுதல் இல்லாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியே பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. பழைய ஹெரால்டுகளுக்கு அந்த வயது வந்துவிட்டது. ஸ்டாண்டர்டு 2000 இன்னும் 2035 வரை காத்திருக்க வேண்டும். விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்டவோ வியாபாரத்துக்குப் பயன்படுத்தவோ முடியாது என்பதையும் அறிந்துகொண்டு விண்ணப்பிக்கவும்.

வரி விஷயம். 28 சதவீதமாகவும் 18 சதவீதமாகவும் பிரிந்து கிடந்த மோட்டார் உதிரி பாக ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே சீராக 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விகிதத்தில் யாராவது பில் போட்டால் கேளுங்கள். கடைச் சரக்கு ஏற்றும் வேனைப் பழுதுபார்த்த செலவுக்கு உள்ளீட்டு வரியைக் கணக்கில் எடுக்கலாம். பதின்மூன்று பேர் வரை அமரும் சொந்தக் காரைப் பழுதுபார்த்த பில்லுக்கு எடுக்க முடியாது. இரண்டையும் ஒரே பட்டறையில் விட்டிருந்தால் பில்லைத் தனித்தனியாக, வண்டி எண் குறிப்பிட்டு வாங்கவும். நம் வியாபாரிகள் எல்லை தாண்டிப் புதுச்சேரியிலும் கொள்முதல் செய்வது வழக்கம். அங்கிருந்து கடைக்குச் சரக்காக அனுப்பி வாங்கும்போது பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்றிருக்கிறதா, நம் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டால் கணக்கர் பிறகு தேடவேண்டியதில்லை.