இரண்டு சதவீதச் சமத்துவம்

தரமணியில் டாக்டர் தருமாம்பாள் அரசினர் மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. 2000இல் திறந்த டைடல் பார்க்கும் இங்கேதான். பொறியியல் படிக்கும் பெண்களைக் கைதூக்கி விடுகிறோம் என்று கம்பெனிகள் பேசும் பேச்சு எங்கிருந்து எழுகிறது, எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவை எட்டிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஏழாம் அட்டவணையில் கல்வியும் உண்டு, பாலினச் சமத்துவமும் உண்டு. பொறியியல் மாணவிக்கு உதவித்தொகை கொடுத்தால் இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடும். தம் ஊழியர்களுக்காகச் செய்யும் செலவை மட்டும் இதில் காட்டக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான், கொடுக்க வேண்டியதைத் தருமக் கணக்கில் எழுத முடியாதல்லவா. ஆனால் விளைவு வேறாக இருக்கிறது. சமத்துவம் என்பது கம்பெனி வாசலுக்கு வெளியே செய்யும் காரியம் என்றாகிறது. உள்ளே சம்பளம், பதவி உயர்வு, பிரசவ விடுப்புக்குப் பின் திரும்பி வருவது எல்லாம் 'மனிதவள' விவகாரம். காசு குடுத்தாச்சு, கடமை முடிஞ்சுது.

இன்னொன்று, தேர்வு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேற்படிப்பில் சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்றது. தகுதி இருந்தால் கிடைக்கும், கேட்டு வாங்கலாம். கம்பெனி உதவித்தொகையில் 'திறமையான ஏழைப் பெண்' யாரென்று கொடுப்பவரே வரையறுக்கிறார். விடுபட்டவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

உள்விவரம் அறவே இல்லாமலில்லை. 2022–23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களிலுள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் ஆண், பெண் இடைநிலைச் சம்பளத்தையும் விடுப்பு முடிந்து திரும்பியவர் விகிதத்தையும் வெளியிட வேண்டுமென்று செபி ஆணையிட்டது. உதவித்தொகை அறிக்கையை இதன் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். இங்கே பங்குச்சந்தைக்கு வராத அந்நியக் கம்பெனிக் கிளைகளுக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது.

1938இல் சென்னையில் பெண்கள் மாநாடு கூட்டி ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்தவர்களில் ஒருவர் தருமாம்பாள். கொடுக்கும் இடத்தில் பெண்கள் இருந்தார்கள். அவர் பெயர் தாங்கிய கல்லூரியின் மாணவியைக் காசோலையோடு போட்டோவுக்கு நிற்க வைப்பதோடு சமத்துவம் முடிந்துவிடக் கூடாது.