சுதேச அத்தியட்சரும் அவர்தம் அதிகாரமும்

அயல்நாட்டார் வந்து நிறுவிய திருச்சபைகளின் தலைமையை அவ்வந்நாட்டாரிடமே ஒப்புவித்தல் எளிய காரியம் போலத் தோன்றும். தக்கார் ஒருவரைத் தெரிந்தெடுத்துப் பட்டம் சூட்டினால் அம்மட்டில் வேலை முடிந்தது என எண்ணுவாருமுளர். ஆயின் பட்டம் வேறு, அதிகாரம் வேறு. பட்டத்தைக் கொடுத்து அதிகாரத்தை நிறுத்திவைத்தால் நேரிடும் இடரை ஆப்பிரிக்கக் கண்டத்தில் நிகழ்ந்த ஒரு வரலாறும், அவ்விடரினின்று நீங்கும் வழியை நம் நாட்டில் நிகழ்ந்த மற்றொரு வரலாறும் விளக்கும்.

1841 முதல் 1872 வரை இங்கிலாந்தில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் காரியதரிசியாயிருந்தவர் ஹென்றி வென் என்பார். சபையானது தன்னைத்தானே ஆளவும், தன் செலவைத் தானே தாங்கவும், தன் முயற்சியாலேயே பரவவும் வேண்டுமென்பது அவர் கொள்கை. மிஷனெரிமார் கட்டடத்திற்கு இடும் சாரத்தை ஒப்பர். கட்டடம் எழும்பியபின் சாரம் நிற்றல் ஆகாது என்பது அதன் கருத்து.

இக்கொள்கையின் பயனாக 1864-ம் ஆண்டில் ஸாமுவேல் கிரௌதர் என்னும் யொருபா வகுப்பினர் கான்டர்பரி நகரில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். இளமையில் அடிமை வியாபாரிகளால் பிடிக்கப்பட்டு, ஆங்கிலக் கடற்படையினரால் மீட்கப்பட்டவர் இவர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் ஆப்பிரிக்கர் இவரே. எனினும், அவர் பிறந்த யொருபா நாட்டிலிருந்த ஐரோப்பிய மிஷனெரிமார் அவருடைய ஆளுகைக்குள் வைக்கப்படவில்லை. பாஷைகள் பலவாயிருந்த நைஜர் நதிப் பிரதேசமே அவருக்குக் கிடைத்தது. வென் மறைந்தபின் அவரைத் தாங்குவார் அருகினர். 1890-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இளம் மிஷனெரிமார் சிலர், பணத்தை நிர்வகிக்கும் குழுவின் பலத்தைக் கொண்டு, முதியவராகிய அவ்வத்தியட்சரின் கீழ் உழைத்த ஆப்பிரிக்க ஊழியர் பலரை அவர் சம்மதமின்றியே வேலையினின்று நிறுத்தினர். அடுத்த ஆண்டின் இறுதியில் கிரௌதர் காலமானார். அவர் பீடத்தில் ஐரோப்பியர் ஒருவரே அமர்த்தப்பட்டார்.

இனி நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் ஊரில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியரின் பணத்தால், இந்தியரின் உழைப்பால், இந்தியரின் நிர்வாகத்தால் நடைபெறும்படி 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவியவர்களுள் இவர் ஒருவர். 1909-ல் அச்சங்கத்தின் ஊழியராகத் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கலுக்குச் சென்று, அம்மக்களின் மொழியில் உழைத்தார். மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மகாநாட்டில், அயல்நாட்டு ஊழியர் இந்தியரோடு சரிநிகரான நட்புப் பாராட்டாமையை அஞ்சாது எடுத்துரைத்தார்.

சென்னை அத்தியட்சராயிருந்த வைட்ஹெட் என்பார், அசரியாவை அத்தியட்சராக்க வேண்டுமென முயன்றபோது, ஐரோப்பியர் இந்தியர் ஒருவருக்குக் கீழ்ப்படிவரோ என்னும் ஆட்சேபம் பல திசைகளினின்றும் எழுந்தது. 1912 டிசம்பர் 29-ம் நாள் கல்கத்தாவில் அபிஷேகம் நடந்தேறியது. முதலில் தோர்ணக்கல் அத்தியட்சாதீனம் சிறிதாகவே இருந்தது. 1920-ல் கிருஷ்ணா நதிப் பக்கத்துச் சபைகளும் அதனோடு இணைக்கப்பட, ஐரோப்பிய ஊழியரும் அவர் ஆளுகைக்குள் வந்தனர். அஞ்சியவாறு குழப்பம் விளையவில்லை.

கிரௌதருக்கு வாய்க்காத எது அசரியாவுக்கு வாய்த்தது? தம் எல்லைக்குள் அடங்கிய யாவர் மீதும் அவருக்கு ஆணை செல்லலாயிற்று. குருமாரையும் கிராம உபாத்தியாயரையும் தாமே பயிற்றும் சாலைகள் தோர்ணக்கலில் அமைந்தன. அப்பயிற்சி பெற்றோர் அவ்வூர் மக்களிடையினின்றே எழுந்தவர். அவருட் பலர் தாழ்த்தப்பட்ட மாலர், மாதிகர் குடிகளிற் பிறந்தோர். 1941-ல் அங்குள்ள கிறிஸ்தவர் தொகை 2 இலட்சத்தைக் கடந்தது.

ஆயினும் குறையொன்றுண்டு. 1945 ஜனவரி 1-ம் நாள் அசரியா காலமாகும்வரை, இந்தியாவில் தனி அத்தியட்சாதீனமொன்றை ஆண்ட ஆங்கிலிக்கன் சுதேசத் தலைவர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய ஆட்சி தக்கதென்று கண்டிருந்தும், அவ்வாறே பிறரையும் அமர்த்தத் துணிவு பிறக்கவில்லை. தனிமரம் தோப்பாகாது.

ஆதலின் சுதேசத் தலைமை உண்மையாயிற்றா என்று அறிய விரும்புவோர், பீடத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று மட்டும் வினவுதல் போதாது. பணப்பையின் திறவுகோல் எவர் கையிலுள்ளது, அயலார் அவர் ஆணைக்கு அமைகின்றனரா, அவருக்குப் பின் வருவோரை ஆயத்தஞ்செய்தல் நடைபெறுகின்றதா என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். திருச்சபைக்கேயன்றி, பிறர் தொடங்கிப் பின்னர் நம்மிடம் ஒப்புவிக்கும் எந்த ஸ்தாபனத்திற்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.